வில்வண்டியும் டாப் எண்டும்

இயக்கத்துக்கு ஒரு பெரிய வண்டி வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் முடிந்துவிட்டது. வேண்டும் என்று முடிவாகி வசூலும் தொடங்கியாயிற்று. இப்போது நடப்பது அடுத்த பேச்சு. எந்த வண்டி, அதில் எந்த மாடல், பேஸா டாப் எண்டா? அடி அண்ணாமலை டீக்கடை பெஞ்சிலிருந்து மாவட்டக் கூட்டம் வரைக்கும் இதுதான். "வாங்குறதே வாங்குறோம், டாப்பா வாங்கிடணும்ண்ணா. தலைவர் போய் எறங்கினா ஊரே பாக்கணும்" என்கிறார்கள் இளைஞர்கள். "எதுக்குப்பா அவ்ளோ காசு, ஒரு பழைய வண்டி போதாதா" என்கிறார்கள் பெரியவர்கள். இரண்டு தரப்பும் பாதியைத்தான் பேசுகின்றன என்பது என் எண்ணம். நான் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவன். அதனால் "நீ சொல்லுண்ணா, எது எடுக்கலாம்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். வாயால் சொன்னால் பாதி காதில் விழும், மீதி வேறு மாதிரி திரும்பி வரும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் வெளியே நின்று சிரிக்கிறவர்களுக்கு.

"ஏழை பாழைங்களுக்காகப் பேசுறவங்களுக்கு எதுக்குய்யா ஃபார்ச்சூனர்?" என்று ஊர்த்தெருவில் ஒரு கேலி ஓடுகிறது. கேலி பேசுகிறவர் வீட்டு வாசலிலேயே ஒன்று நிற்கிறது. அவர் வண்டி அவருக்கு வசதி. நம் வண்டி மட்டும் நமக்குத் திமிர். முற்போக்கு பேசும் சில நண்பர்களும் இதையே கொஞ்சம் நாசூக்காக, எளிமை என்ற பேரில் சொல்கிறார்கள். எளிமை, இருந்ததை விட்டவனுக்கு அழகாக இருக்கலாம். எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அடித்து வைக்கப்பட்டவனிடம் போய் எளிமையைப் போதிப்பது, பழைய தண்டனையை நல்ல வார்த்தையில் மறுபடி சொல்வதுதான்.

நமக்கு வண்டி வெறும் வண்டியாக என்றைக்கும் இருந்ததில்லை. 1893 இல் திருவிதாங்கூரில், வெங்ஙானூர் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். அன்றைக்கு அதுதான் ஆடம்பர வண்டி, ஆதிக்கச் சாதிக்காரர்கள் மட்டும் ஏறுகிற வண்டி. மணி கட்டிய மாடுகளைப் பூட்டி, நல்ல வேட்டியும் தலைப்பாகையுமாக, புலையர் நடக்கவே கூடாது என்று வைத்திருந்த பொதுச்சாலையில் அதை ஓட்டிக்கொண்டு போனார். மறித்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

1901 இல் அம்பேத்கர் பத்து வயதுப் பையன். அப்பாவைப் பார்க்க வீட்டுப் பிள்ளைகளோடு மசூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார். சாதி தெரிந்ததும் ஒரு மாட்டுவண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ளவில்லை. இரண்டு மடங்கு வாடகை தர வேண்டும், பிள்ளைகளே வண்டி ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூட நடந்து வருவார். இந்த ஏற்பாட்டில்தான் கடைசியில் வண்டி கிடைத்தது. பையில் காசு இருந்தது. ஆனாலும் வண்டி கிடைக்கவில்லை. நம்முடைய வறுமையைப் பற்றி மட்டும் பேசுகிறவர்களுக்கு இந்த இடம் புரிவதில்லை.

அதெல்லாம் பழைய கதை என்று சொல்ல முடியாது. 1995 ஆகஸ்ட் 31 இல் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்தபோது என்ன செய்தது? வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்த காசில் வாங்கியதையெல்லாம் தேடித் தேடி உடைத்தது. டி.வி., ஃபேன், தையல் மெஷின், சைக்கிள், டிராக்டர் எதுவும் தப்பவில்லை. பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழையும் கொளுத்தினார்கள். அடுத்த ஆளும் வெளிநாடு போய்ச் சம்பாதித்துவிடக் கூடாது என்ற கணக்கு அது. 2012 நவம்பர் 7 இல் தர்மபுரி நாயக்கன்கொட்டாய் பக்கத்தில் மூன்று குடியிருப்புகளை எரித்தார்கள். வீட்டோடு பைக்குகளும் எரிந்தன. பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் அந்த நாட்களில் மேடைக்கு மேடை ஜீன்ஸ், டீ சர்ட், கூலிங் கிளாஸ் என்றுதான் பேசினார். 2018 மார்ச்சில் குஜராத் பாவ்நகர் மாவட்டத்தில் குதிரை வைத்திருந்த ஒரு தலித் இளைஞர் கொல்லப்பட்டார். குதிரையில் போகாதே என்று முன்பே மிரட்டினார்கள் என்பது குடும்பத்தார் புகார். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டியதற்காக ஒரு கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள் என்று வழக்குப் பதிவானது.

இந்திய நாடாளுமன்றமே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 இல் ஒரு திருத்தம் செய்தார்கள். அதில், தலித்துகள் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பதும், செருப்போ புதுத்துணியோ போடுவதைத் தடுப்பதும், கல்யாண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வண்டியிலோ ஏறுவதைத் தடுப்பதும் குற்றம் என்று தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். சைக்கிளில் ஏறுவதற்குக் கூடச் சட்டம் தேவைப்படுகிற நாட்டில், நம் வண்டியைப் பார்த்துச் சிரிக்கிறவர் வெறும் நகைச்சுவைக்காரர் இல்லை.

ஆகவே உரிமை பற்றிய வாதம் முடிந்தது. நாம் எந்த வண்டி வேண்டுமானாலும் வாங்கலாம், ஒருத்தருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. "பழசு போதும்" என்கிற பெரியவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். மேலவளவு முருகேசன் 1997 ஜூன் 30 இல் மதுரையிலிருந்து பஸ்ஸில்தான் திரும்பிக்கொண்டிருந்தார். அந்தப் பஸ்ஸை மறித்துத்தான் அவரையும் கூட வந்தவர்களையும் வெட்டினார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு கிராமத்துக்குப் போய், புகார் எழுதி, அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு வேலூருக்கோ சென்னைக்கோ போகிற வண்டி வழியில் நிற்கக் கூடாது. உறுதியான, நம்பகமான, பெரிய வண்டி இயக்கத்துக்குத் தேவை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இனி நம் இளைஞர்களிடம் பேசுகிறேன்.

"அய்யன்காளியே வில்வண்டி வாங்கினாரு. நாங்க டாப் எண்ட் கேட்டா தப்பா?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அந்த வில்வண்டி என்ன வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். மூடி வைத்திருந்த ஒரு ரோட்டை அது திறந்தது. அவருக்குப் பின்னால் அந்த ரோட்டில் வண்டி இல்லாதவர்களும் நடந்தார்கள். அதுதான் அந்த வண்டியின் மதிப்பு. அவர் போய் இறங்கியதைப் பத்துப் பேர் வாய் பிளந்து பார்த்தார்கள் என்பதற்காக நாம் அவரை நினைக்கவில்லை. இன்றைக்கு டாப் எண்ட் ஃபார்ச்சூனர் எந்த ரோட்டைத் திறக்கும்? நம் மாவட்டத்தில் தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயில் வாசல் எண்பது வருஷமாக நம் மக்களுக்கு மூடியிருந்தது. 2023 ஜனவரி 30 இல் கலெக்டரும் போலீசும் நிற்க, மக்கள் உள்ளே போனார்கள். அந்தக் கதவு திறந்தது மக்கள் கேட்டதால், விடாமல் மனு போட்டதால். யார் எந்த வண்டியில் வந்து இறங்கினார் என்பதால் இல்லை.

அம்பேத்கர் வாழ்க்கையில் இன்னொரு வண்டி இருக்கிறது. இளைஞர்கள் அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1929. பம்பாய் அரசு அமைத்த குழு ஒன்றின் உறுப்பினராக ஊர் ஊராகப் போய் வந்த சமயம் சாலிஸ்கான் ஸ்டேஷனில் இறங்கினார். அங்கிருந்த மகர் மக்கள் தங்கள் குடியிருப்புக்கு அழைத்தார்கள். டோங்கா ஓட்ட வண்டிக்காரர் மறுத்துவிட்டார். தீண்டத்தகாதவரை வைத்து ஓட்டுவது அவருக்கு இழுக்கு. விருந்தாளியை நடக்க வைப்பது நமக்குக் கௌரவக் குறைச்சல் என்று நினைத்த மக்கள், டோங்காவை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத தங்கள் ஆள் ஒருவரையே ஓட்ட வைத்தார்கள். பாலத்தின் மேல் சக்கரம் சிக்கியது. அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. அவரே இதை எழுதியிருக்கிறார். அந்த மக்கள் தன் கௌரவத்தைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை ஆபத்தில் வைத்துவிட்டார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. குற்றம் முதலில் சாதியுடையது, சந்தேகமே இல்லை. ஆனால் நமக்கு அதில் ஒரு பாடமும் இருக்கிறது. தலைவர் எப்படிப் போய் இறங்குகிறார் என்று மட்டும் பார்த்தால், அவர் உயிரோடு போய்ச் சேருகிறாரா என்பது பின்னுக்குப் போய்விடும்.

டாப் எண்ட் விஷயத்திலும் இதேதான் நடக்கிறது. அதனால் இந்த 'வேரியண்ட்' என்பது என்ன என்று கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

கம்பெனி ஒரு வண்டியைச் செய்கிறது. அதையே நான்கைந்து படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் ஒரு எழுத்தும் ஒரு விலையும் வைக்கிறது. மகிந்திரா ஸ்கார்பியோ-என் 2022 இல் வந்தபோது இசட்2, இசட்4, இசட்6, இசட்8, இசட்8எல் என்று ஐந்து படி. ஃபார்ச்சூனர் டீசல் எடுத்தால் எந்தப் படியிலும் அதே 2.8 லிட்டர் எஞ்சின். 2021 இல் வந்த லெஜண்டரிலும் அதுவே. முகம் வேறு, விளக்கு வேறு, சீட்டின் நிறம் வேறு, பின்னால் ஒட்டியிருக்கும் பேர் வேறு. இந்தப் பேருக்காக மேலே மேலே போகிற விலையைப் பார்த்தால், கீழ்ப் படிக்கும் உச்சிப் படிக்கும் நடுவில் பத்து லட்சத்துக்கு மேல் இருக்கிறது.

இந்த அமைப்பு நமக்குப் புதுசா? படிநிலை ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் சாதிக்குச் சொன்ன விளக்கத்தை நாம் வகுப்பு வகுப்பாக நடத்துகிறோமே. ஒவ்வொரு படியில் நிற்கிறவனுக்கும் கீழே ஒருவனைக் காட்டுவதால்தான் யாரும் ஏணியையே பிரித்துப் போட வருவதில்லை என்று. ஷோரூமில் நடப்பது அந்த மனசை வைத்து நடக்கிற வியாபாரம். பேஸ் மாடலைக் கேட்கப் போனவனிடம் "இன்னும் ரெண்டு லட்சம் போட்டா அடுத்தது சார்" என்பார்கள். அங்கே போனால் அதற்கும் மேலே ஒன்று. வாங்குகிறவன் தன் தேவையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பக்கத்து வண்டியின் பின்பக்க எழுத்தைப் பார்க்க ஆரம்பிக்கிறான். சாதியும் வேரியண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. பேஸ் மாடல் வாங்கியவனை யாரும் வெட்டுவதில்லை. ஆனால் படியைப் பார்த்து ஆளை எடை போடும் பழக்கத்தை எதிர்த்துப் புறப்பட்ட இயக்கம், கடையில் போய் அதே பழக்கத்துக்குக் காசு கட்ட வேண்டுமா என்று கேட்கிறேன்.

கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி இதைக் கண்ணால் பார்க்கலாம். பெங்களூரிலிருந்தும் ஆந்திரா, தெலுங்கானாவிலிருந்தும் வருகிற பெரிய பெரிய வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்கள். அன்றைக்கு உள்ளே வண்டி விடுவதில்லை. எல்லாரும் பதினாலு கிலோமீட்டர் நடக்கிறார்கள். பின்விளக்கைப் பார்த்தே எது எந்த வேரியண்ட், எத்தனை லட்சம் என்று ஒப்பிக்கிற பிள்ளைகள் எங்கள் காலனியில் இருக்கிறார்கள். அந்த அறிவை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த வண்டிக்குள் எத்தனை ஏர்பேக் என்று கேட்டால் தெரியாது. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஏனென்றால் படியில் வெறும் பளபளப்பு மட்டும் இல்லை. சில கம்பெனிகள் உயிரையும் படி போட்டு வைக்கின்றன. அதே ஸ்கார்பியோ-என் வந்தபோது கீழ்ப் படியில் இரண்டு ஏர்பேக், உச்சியில் ஆறு. ஒரே இரும்பு, ஒரே ரோடு, அதே லாரி எதிரில் வருகிறது. குறைந்த காசு கொடுத்தவனுக்கு நான்கு பை குறைவு. எல்லாக் காருக்கும் ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று மத்திய அரசு சொன்னது. 2022 அக்டோபர் என்றார்கள், பிறகு 2023 அக்டோபர் என்றார்கள், கடைசியில் கட்டாயமில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரி சொல்லிவிட்டார். ஃபார்ச்சூனரில் கதை வேறு. எந்தப் படியில் வாங்கினாலும் ஏழு ஏர்பேக். அப்படியானால் என்ன அர்த்தம்? ஒரு வண்டியில் மேல்படிக்குப் போவது உயிருக்காக. இன்னொரு வண்டியில் மேல்படிக்குப் போவது வெறும் பேருக்காக. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி "டாப்பு டாப்புதான்" என்று சொல்லக் கூடாது. முதலாவதற்குக் காசு கொடுக்கலாம், இரண்டாவதற்குக் கொடுக்க வேண்டாம்.

பின்சீட்டில் உட்காருகிற நம் தலைவர்கள் பெல்ட் போடுவதில்லை. 2022 செப்டம்பர் 4 இல் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி செத்தது மெர்சிடிஸ் ஜி.எல்.சி. வண்டியில். ஏர்பேக்குக்குக் குறைச்சலில்லாத ஆடம்பர எஸ்.யூ.வி. அது. பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த இரண்டு பேரும் இறந்தார்கள். முன்சீட்டில் பெல்ட் போட்டிருந்தவர்கள் பிழைத்தார்கள். அடுத்தது, வண்டி வந்த மறுநாளே முன்னால் ஒரு தடித்த இரும்புக் கம்பியை மாட்டிக் கொடி கட்டுகிறோமே, அது. 2017 டிசம்பரிலேயே அதற்குத் தடை வந்துவிட்டது. மோதும்போது அடி வாங்கி நசுங்க வேண்டிய பாகத்தை அது நசுங்க விடாது, ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தையும் கெடுக்கும், எதிரில் நடந்து வருகிறவரின் எலும்பையும் நொறுக்கும். நடந்து வருகிறவர் பெரும்பாலும் யார் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்து எத்தனை பேர் ஏறலாம் என்று பாருங்கள். இன்னோவாவை எஸ்.யூ.வி. கணக்கில் சேர்க்க மாட்டார்கள், ஆனாலும் நம் ஆட்கள் அதையும் பேசுகிறார்கள். 2023 இல் மறுபடி வந்த இன்னோவா கிரிஸ்டாவில் எட்டுப் பேர் உட்காரும் அமைப்பு கீழ்ப் படிகளில் இருந்தது. உச்சியில் இருந்த இசட்.எக்ஸில் ஏழு பேர்தான். நடு வரிசையில் தனித்தனிக் கைப்பிடி வைத்த இரண்டு நாற்காலி போட்டு ஓர் ஆளைக் கீழே இறக்கிவிட்டார்கள். படி ஏற ஏற ஆள் குறைகிறது. தலைவர் சாய்ந்து உட்கார வசதிதான். ஆனால் கோர்ட்டுக்குச் சாட்சிகளை ஏற்றிப் போகிற அன்றைக்கு அந்த எட்டாவது சீட்டு யாருக்குத் தேவைப்படும்?

எங்கள் காலனித் தெருவையும் அளந்து பார்க்கச் சொல்கிறேன். ஃபார்ச்சூனர் நீளம் நாலே முக்கால் மீட்டருக்கு மேல், அகலம் 1.85 மீட்டர். பி.எம்.டபிள்யூ. எக்ஸ் 7 போன்ற உண்மையான முழு அளவு வண்டிகள் ஐந்து மீட்டரைத் தாண்டும். ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் திண்ணை, நடுவில் தண்ணீர்க் குழாய் என்று இருக்கிற நம் தெருவில் அது உள்ளே வந்தாலும் திரும்பாது. மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டுத்தான் வர வேண்டும். வண்டி ஊரில் நிற்கும், தலைவர் சேரிக்கு நடந்து வருவார், அல்லது வராமல் மேடையிலிருந்தே போய்விடுவார். சேரிக்குள் வராத வண்டி யாருக்கு வாங்கியது? ஜவ்வாது மலைக்குப் போக நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் பை ஃபோர் வேண்டும் என்று ஒரு தோழர் சொன்னார். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை மழைக்காலத்தில் தேவைப்படலாம். அன்றைக்கு மலைக்காரர் ஜீப்பை வாடகைக்கு எடுப்பது மலிவு. மற்ற நாளெல்லாம் தரையிலிருந்து வண்டி கொஞ்சம் உயரமாக இருந்தாலே போதும், பழகின டிரைவர் ஏற்றிவிடுவார்.

காசுக் கணக்குக்கு வருகிறேன். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி இருபது சதவீதம். நான்கு மீட்டருக்கு மேல் நீளமான பெரிய வண்டிக்கு 2025 செப்டம்பர் 22 வரை ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்த்து ஐம்பது சதவீதம் இருந்தது, அதன் பிறகு நாற்பது. மேல்படிக்காக நாம் கூடுதலாகக் கொடுக்கும் பத்து லட்சத்தோடு சாலை வரி மட்டும் இரண்டு லட்சம் சேரும். இந்தப் பன்னிரண்டு லட்சத்தைக் கடனாக வாங்கினால், ஒன்பது சதவீத வட்டியில் ஏழு வருஷத்துக்கு மாதம் 19,300 ரூபாய் தவணை. மொத்தம் பதினாறு லட்சத்து இருபதாயிரம். இது வண்டிக்கு இல்லை, வண்டியின் மேல் ஒட்டியிருக்கும் எழுத்துக்கு.

இந்தக் காசு யாருடையது? கிரிவலப் பாதையில் இளநீர் விற்கிறவர் கொடுத்தது, பூ கட்டுகிற அக்கா கொடுத்தது, கூலிக்குப் போய் வந்த பெண்கள் முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் கொடுத்தது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்க்கிற எங்கள் பிள்ளைகள் அனுப்பியதும் அதில் இருக்கிறது. நான் மேலே சொன்ன எக்ஸ் 7 வண்டியைச் செங்கல்பட்டு மாவட்டத்தில், சிங்கப்பெருமாள்கோவில் பக்கம்தான் பூட்டுகிறார்கள். ஒரு கோடிக்கு மேல் விலை. 1892 இல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை மீட்கக் காரணையில் போராடி, 1994 அக்டோபர் 10 இல் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச்சூட்டில் செத்ததும் அதே செங்கல்பட்டில். நிலம் கேட்டவர்களுக்குக் குண்டு கிடைத்தது. அவர்கள் வயசுப் பிள்ளைகளுக்கு இன்றைக்கு அடுத்தவன் வண்டிக்கு நட்டு முடுக்குகிற வேலை கிடைத்திருக்கிறது. அந்தக் கூலியிலிருந்து வந்த நூறு ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு சன் ரூஃப் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பன்னிரண்டு லட்சத்தில் என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். வன்கொடுமை வழக்குகளில் சாட்சிகள் பிறழ்வதற்கு ஒரு காரணம் மிரட்டல், இன்னொரு காரணம் அலைச்சல். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலியை விட்டு, பஸ் பிடித்து, பசியோடு கோர்ட் வாசலில் உட்கார வேண்டும். 1995 விதிகளில் 11 ஆவது விதி, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் போக்குவரத்துச் செலவும் அன்றைய படியும் அரசு தர வேண்டும் என்கிறது. எத்தனை பேர் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்? அதைக் கேட்டு வாங்க ஓர் ஆள், அது வருகிற வரை முன்பணம் கொடுக்க ஒரு நிதி, வழக்கு நடக்கும் நாளில் எல்லாரையும் ஒன்றாகக் கூட்டிப் போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விட ஒரு வண்டி. இதற்குத்தான் பெரிய வண்டி.

ஆகவே என் யோசனை இது. ஏழோ எட்டோ பேர் ஏறும் வண்டி. ஆறு ஏர்பேக்குக்குக் குறையக் கூடாது. எல்லா சீட்டிலும் பெல்ட் இருக்க வேண்டும், போடவும் வேண்டும். வழுக்கும்போது வண்டியைக் கட்டுப்படுத்தும் வசதி இருக்க வேண்டும். இவை எந்தப் படியில் முழுசாகக் கிடைக்கிறதோ அந்தப் படியில் நின்றுவிட வேண்டும். அதற்கு மேலே ஒரு ரூபாயும் வேண்டாம். சர்வீசும் உதிரி பாகமும் திருவண்ணாமலையிலேயே கிடைக்கிற வண்டியாக இருக்க வேண்டும். முன்னால் இரும்புக் கம்பி கூடாது. இயக்கத்தின் பேரில் பதிவு, தனி ஆள் பேரில் இல்லை. வண்டிக்குள் ஒரு நோட்டு. யார், எங்கே, எதற்காகப் போனார்கள் என்று ஒவ்வொரு பயணத்தையும் எழுத வேண்டும். காசு கொடுத்த எந்த அக்காவும் கேட்டால் அந்த நோட்டைக் காட்ட வேண்டும். டிரைவருக்கு மாதச் சம்பளமும், ராத்திரி ஓட்டினால் மறுநாள் ஓய்வும் வேண்டும். ராத்திரி பூராவும் ஓட்டிய டிரைவரை விடியற்காலையில் மறுபடி கிளப்பினால் எத்தனை ஏர்பேக் இருந்தும் பிரயோஜனமில்லை. இதைத் தொழிலில் இருக்கிறவனாகச் சொல்கிறேன்.

"அப்போ தலைவருக்கு மரியாதை?" என்று தம்பி கேட்பார். 1983 இல் கன்சிராம் டி.எஸ்.4 அமைப்பின் சார்பில் சைக்கிளில் மாநிலம் மாநிலமாகப் போனார். சைக்கிள்தான் புனிதம் என்பதற்காகப் போகவில்லை. ஊர் ஊராக, சேரி சேரியாக நுழைய வேண்டியிருந்தது, அதற்கு அது போதுமாக இருந்தது. அய்யன்காளிக்கு வில்வண்டி தேவைப்பட்டது, வாங்கினார். இரண்டு பேருமே முதலில் வேலையைப் பார்த்தார்கள், பிறகு வண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். நாம் வண்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கு வேலை தேடிக்கொண்டிருக்கிறோம்.

தனிப்பட்ட முறையில் சம்பாதித்து டாப் எண்ட் வாங்குகிற நம் ஆட்களை நான் குறை சொல்லவில்லை. நாளைக்கு எங்கள் காலனியில் ஒருவர் லேண்ட் குரூசர் வாங்கி நிறுத்தினால் முதல் ஆளாகப் போய்த் தொட்டுப் பார்ப்பேன். அவர் காசு, அவர் ஆசை. அதைப் பார்த்து எவனாவது வாயைத் திறந்தால் அவர் பக்கம்தான் நிற்பேன். இயக்கத்தின் காசு அப்படி இல்லை. அதில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு முகம் இருக்கிறது.

வண்டி விஷயமாக மாவட்டக் கூட்டம் இன்னும் முடிவெடுக்கவில்லை. எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட்டு வாருங்கள் என்று தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மறுப்பு இருந்தால் இந்தப் பக்கங்களிலேயே எழுதுங்கள். வசூல் கொடுத்த பெண்களையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். வண்டியின் நிறம் என்ன, கொடி எங்கே என்று அவர்கள் கேட்கப் போவதில்லை. "நாங்க கூப்பிட்டா வருமா?" என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லத் தயாராக இருக்கிறவர்கள் ஷோரூமுக்குப் போகலாம்.